பற்கூச்சத்துக்கு மருந்து: எது கேட்கும், எத்தனை நாளில் கேட்கும், எப்போது கேட்காது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவர் நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி. மூன்று மாதமாக மேல்வரிசையின் இடப்பக்கத்தில் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த பல்லும் பானைத் தண்ணீர் பட்டாலே சுரீரென்று கூசுகின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கூச்சப் பற்பசையைப் பத்து நாள் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்திவிட்டார். அதே கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையையும் வலி மாத்திரையையும் ஐந்து நாள் விழுங்கியிருக்கிறார். இதற்கு மருந்தே கிடையாதா, பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

பிடுங்க வேண்டிய தேவை எதுவும் நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. பற்கூச்சத்துக்கு மருந்து உண்டு. அவற்றில் பலவும் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைப்பவை. ஆனால் நீங்கள் வாங்கிய மூன்றில் இரண்டு இந்த வேலைக்கான மருந்தே அல்ல. மூன்றாவது சரியான மருந்துதான், அது வேலையைத் தொடங்குவதற்குள் நிறுத்திவிட்டீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பற்கூச்சத்தில் மருந்து தோற்றுப்போனதாக வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கதை இதுதான்.

முதலில் கூச்சம் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மருந்துகளின் வேலை முழுவதும் அதிலிருந்தே புரியும். பல்லின் வெளிப்பக்கம் எனாமல். அதில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள், நரம்பு கிடையாது. அதற்கு உள்ளே இருப்பது டென்டின். இது பார்க்கத் தந்தம் போல இருந்தாலும் உண்மையில் சல்லடை. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் இருபதாயிரம் முதல் நாற்பத்தைந்தாயிரம் வரை நுண்குழாய்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றின் அகலமும் ஒன்று அல்லது இரண்டு மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). இக்குழாய்களுக்குள் நீர் நிரம்பியிருக்கிறது, அவற்றின் உள்முனை நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல்கூழில் போய் முடிகிறது. மேலே எனாமலும் கீழே வேரைப் போர்த்தியிருக்கும் ஈறும் மூடியிருக்கும் வரை இந்தக் குழாய்களின் வெளிவாய் அடைபட்டிருக்கும். ஈறு சற்றே கீழிறங்கி வேரின் கழுத்து வெளியே தெரிந்தாலோ, தேய்மானத்தால் எனாமல் போய்விட்டாலோ வாய் திறந்துகொள்கிறது. அப்போது குளிர்ந்த நீரோ, காற்றோ, சர்க்கரைப் பாகோ, புளிப்போ, ஊசிமுனையோ படும்போது குழாய்க்குள் இருக்கும் நீர் ஒரு நொடியில் சட்டென்று நகர்கிறது, உள்முனையில் இருக்கும் நரம்பு அந்த நகர்வை வலியாகப் படிக்கிறது. 1960-களில் சுவீடன் நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் மார்ட்டின் பிரென்ஸ்ட்ரம் சோதனைகள் மூலம் நிலைநாட்டிய விளக்கம் இது. இன்றுவரை பெரும்பாலோர் ஏற்பதும் இதையே.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கூசும் பற்களையும் கூசாத பற்களையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், கூசும் பல்லில் திறந்திருக்கும் குழாய்கள் எட்டு மடங்கு அதிகம் என்றும் அவற்றின் அகலம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றும் 1987-ல் தெரிவித்தார்கள். குழாயில் ஓடும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், அகலம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்காகிறது. இதைத் திருப்பிப் பார்த்தால் நமக்குச் சாதகம்: குழாயை முழுவதும் அடைக்க முடியாவிட்டாலும் வாயைப் பாதியாகக் குறுக்கினாலே கூச்சம் வெகுவாக அடங்கிவிடும். பற்பசையைப் போல மெல்லிய மருந்து ஒன்று பலன் தருவதற்கு இதுவே காரணம்.

தமிழில் "பல் கூசுகிறது" என்ற ஒரே சொல்லைப் பலவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். மாங்காய் தின்றபின் பல் வரிசை முழுவதும் சொரசொரப்பாகத் தோன்றுவதும் கூச்சம், கரும்பலகையில் நகம் கீறும் ஓசையில் உடல் சிலிர்ப்பதும் கூச்சம், சொத்தைப் பல்லில் சர்க்கரை பட்டால் வலிப்பதும் கூச்சம். மருத்துவத்தில் பற்கூச்சம் என்று சொல்வதற்கு எல்லை குறுகியது: ஏதாவது ஒன்று பட்டவுடன் ஊசி குத்தியதுபோல வந்து, பட்டது விலகியவுடன் சில நொடிகளில் போய்விடும் வலி, அதற்குச் சொத்தையோ விரிசலோ உடைந்த அடைப்போ காரணமாக இருக்கக்கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையை மருந்துக்கடையில் யாரும் சோதிப்பதில்லை, சோதிக்கவும் முடியாது. அமெரிக்காவில் கூச்சப் பற்பசையின் உறையிலேயே, பல் மருத்துவர் சொன்னாலன்றி நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்று அச்சிட வேண்டும் என விதி இருக்கிறது. பசை கெடுதல் செய்யும் என்பதற்காக அன்று. கூச்சத்தின் பின்னால் வேறு நோய் ஒளிந்திருந்தால் பசை அதை மறைத்துக் காலத்தைக் கடத்திவிடும் என்பதற்காக.

எனவே மருந்தை வாங்குமுன் உங்கள் வலியை நீங்களே சற்று விசாரித்துப் பாருங்கள். தண்ணீரை விழுங்கிய பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நீடிக்கிறதா? எதுவும் படாமலே தானாக வருகிறதா? இரவில் படுத்தபின் விண்விண்ணென்று தெறித்துத் தூக்கத்தைக் கலைக்கிறதா? காப்பியின் சூடு பட்டால் கூடுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது பல்கூழ் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். முற்றிய நிலையில் சிலர் குளிர்ந்த நீர்ப் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு மிடறாக வாயில் தேக்கியபடி வந்து உட்காருவார்கள். குளிர் பட்டால் கொஞ்சம் தணிகிறது என்பார்கள். பற்கூச்சத்துக்கு நேர் எதிரான அடையாளம் அது, அவர்களுக்கு எந்தப் பசையும் உதவாது, வேர் சிகிச்சைதான் வழி. முறுக்கையோ சீடையையோ கடித்து, கடியை விடும் நொடியில் ஒரு பல் மட்டும் சுரீரென்றால் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்தாற்போல மந்தமாக வலித்து, குனிந்தால் கூடினால், பல்லைவிட சைனஸ் மேல்தான் முதலில் ஐயம் வர வேண்டும்.

நீங்கள் எழுதியதில் இந்த அறிகுறி எதுவும் இல்லை. பட்டால் வருகிறது, விலகினால் போகிறது, கோரைப்பல்லும் அடுத்த பல்லும், அதிலும் இடப்பக்கம். வலக்கையால் பல் துலக்குபவர்களுக்குக் கை மிக வாகாகவும் அழுத்தமாகவும் போய் விழுவது அந்த வளைவில்தான். ஈறு முதலில் இறங்குவதும் அங்கேதான். நாற்காலியில் உட்கார வைத்து நாங்கள் செய்யும் சோதனையும் எளியது. பக்கத்துப் பற்களைக் கையுறை விரலால் மறைத்துக்கொண்டு, சந்தேகப்படும் பல்லின் கழுத்தில் மட்டும் ஒரு நொடி காற்றைப் பீய்ச்சுவோம். பற்கூச்சமாக இருந்தால் நோயாளி பதில் சொல்லும் முன்பே அவருடைய கை நாற்காலியின் பிடியை இறுக்கிவிடும். காற்று நின்றதும் கையும் தளர்ந்துவிடும். மார்கழி விடியலில் இருசக்கர வாகனத்தில் வாயைத் திறந்து பேசிக்கொண்டே போகும்போது கூசுகிறது என்று பலர் சொல்வதும் இதே சோதனைதான், சாலையில் நடக்கிறது.

மாத்திரைகளின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்வது. குழாய் நீர் நகர்வதில் கிருமிக்கு வேலை இல்லை, ஆகவே அமாக்சிசிலினோ மெட்ரோனிடசோலோ கூச்சத்தை இம்மியும் குறைக்காது. தேவையில்லாமல் விழுங்கினால் வயிற்றுப்போக்கும், பின்னாளில் உண்மையாகத் தேவைப்படும்போது மருந்து கேட்காமல் போகும் ஆபத்துமே மிச்சம். ஐபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள் அழற்சியால் உண்டாகும் வலிக்கு நல்லவை. இரண்டு நொடி வந்து மறையும் வலிக்கு ஆறு மணி நேர மாத்திரை எதற்கு என்று கேட்டுப் பார்த்தாலே விடை தெரியும்.

கூச்சத்துக்கான மருந்துகள் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. ஒன்று, நரம்பைத் தூண்டலுக்கு மசியாமல் செய்வது. மற்றது, குழாயின் வாயை அடைப்பது.

முதல் வழியில் பரவலாக இருப்பது 5 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்த பற்பசை. நம் ஊரில் வெடியுப்பு என்று வழங்குவதும் இதே பொருள்தான். பட்டாசுத் தொழிலில் இருந்த ஒருவர் டியூபைத் திருப்பிப் படித்துவிட்டு இதை வாயில் வைப்பதா என்று என்னிடம் கேட்டதுண்டு. பசையில் அது கரைந்த உப்பு மட்டுமே, அஞ்ச வேண்டியதில்லை. 1974-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் மில்டன் ஹோடோஷ் இதைக் கூச்ச மருந்தாக முன்வைத்தார். நரம்பணுவின் உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வுதான் நரம்பு மீண்டும் மீண்டும் செய்தி அனுப்புவதற்கான முதல். பசையிலிருந்து வரும் பொட்டாசியம் குழாய் வழியே உள்ளே போய் வெளிப்பக்கச் செறிவை உயர்த்தினால் ஏற்றத்தாழ்வு குறைந்து நரம்பு அசதியடைகிறது. ஆனால் குழாயில் நீர் எப்போதும் உள்ளிருந்து வெளியே மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. எதிர்நீச்சல் போட்டு உள்ளே போக வேண்டிய பொட்டாசியம் போதிய அளவு சேர்வதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கிறது, சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகிறது. உங்கள் பத்து நாள் ஏன் போதவில்லை என்பது இதிலேயே அடங்கிவிட்டது. நிறுத்தினால் சேர்ந்தது கரைந்து போய்க் கூச்சம் திரும்பும் என்பதையும் இதே காரணத்தால் எதிர்பார்க்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொட்டாசியம் பசைகளைப் பற்றி 2006-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு செய்த தொகுப்பாய்வு, உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றே முடித்தது. 2015-ல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு, பொட்டாசியம், ஸ்டானஸ் ஃப்ளோரைடு, ஆர்ஜினைன், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிக்கேட் ஆகியவற்றுக்குப் பலன் உண்டு என்றும் ஸ்ட்ரான்சியத்துக்குச் சான்று போதவில்லை என்றும் கண்டது. இந்தத் துறை ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு: மருந்தில்லாத சாதாரணப் பசையைக் கொடுத்த குழுவினருக்கும் கூச்சம் கணிசமாகக் குறைகிறது. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வு பாதி, ஆய்வுக்காக ஒழுங்காக இருவேளையும் மென்மையாகத் துலக்குவது பாதி என்பது என் ஊகம்.

அடைக்கும் வழியில் மருந்துகள் பல. இவற்றில் மூத்தது ஸ்ட்ரான்சியம் குளோரைடு. 1961-ல் சென்சோடைன் பற்பசை அமெரிக்காவில் அறிமுகமானபோது அதில் இருந்த மருந்து அதுவே. மத்தாப்பின் சிவப்புக்கும் காரணமான அந்த உலோகம் இன்று பசைகளில் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. அடுத்தது ஸ்டானஸ் ஃப்ளோரைடு, அதாவது வெள்ளீயமும் ஃப்ளோரைடும் சேர்ந்த உப்பு, 0.454 விழுக்காடு அளவில். இதைப் புரியவைக்க நான் எப்போதும் பாட்டிகளின் பித்தளைப் பாத்திரத்தைத்தான் காட்டுவேன். புளிக்குழம்பு வைத்தால் பித்தளை கெடும் என்று உள்ளே ஈயம் பூசுவார்கள் அல்லவா, அதே வெள்ளீயம் இங்கே பல்லின் மேல் அமிலத்துக்கு எளிதில் கரையாத மெல்லிய பூச்சாகப் படிந்து குழாயின் வாயை மூடுகிறது. புளிப்பு, குளிர்பானம், எதுக்களிப்பு ஆகியவற்றால் பல் அரிக்கப்பட்டவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான். சிலருக்குப் பல்லில் இலேசாகப் பழுப்பேறலாம், கறை போக்கிவிடலாம்.

ஆர்ஜினைன் என்பது நம் எச்சிலில் இயல்பாகவே இருக்கும் அமினோ அமிலம். 8 விழுக்காடு ஆர்ஜினைனுடன் கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்தால் அது டென்டினில் ஒட்டிக்கொண்டு கால்சியத்தைக் குழாய்க்குள் சேர்க்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இஸ்ரேல் கிளைன்பெர்க் உருவாக்கிய முறை இது. இதன் வசதி என்னவென்றால் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துக் கூசும் இடத்தில் ஒரு நிமிடம் தேய்த்தால் உடனடியாகவே ஓரளவு அடங்கும்.

கால்சியம் சோடியம் பாஸ்போசிலிக்கேட் என்ற நீளமான பெயருக்குப் பின்னால் இருப்பது கண்ணாடித் தூள். 1969-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் எலும்போடு ஒட்டிப் பிணையும் ஒரு கண்ணாடியைக் கண்டுபிடித்தார். அதையே நுண்தூளாக்கிப் பற்பசையில் சேர்த்தார்கள். எச்சில் பட்டதும் கால்சியமும் பாஸ்பேட்டும் வெளிப்பட்டுப் பல்லின் தாதுவைப் போன்ற ஒரு படலமாகக் குழாய்களின் மேல் படிகின்றன. நீர் பட்டால் வினை தொடங்கிவிடும் என்பதால் இந்தப் பசையில் தண்ணீரே இருக்காது, கிளிசரினில் குழைத்திருப்பார்கள். வாயில் வைத்தவுடன் வழக்கமான நுரை வராமல் சற்று வழுவழுப்பாகத் தோன்றினால் போலி என்று எறிந்துவிடாதீர்கள். ஜப்பானில் பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கும், பல்லின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டை நுண்தூளாக்கிச் சேர்த்த பசைகளும் இப்போது இங்கே கிடைக்கின்றன. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான, பாலின் கேசீன் புரதத்தோடு கால்சியம் பாஸ்பேட்டைச் சேர்த்த களிம்பும் உண்டு. பால் புரதம் ஒவ்வாதவர்கள் அதைத் தொடக்கூடாது.

எது சிறந்தது என்று கேட்டால், பல் அரிப்பு தெரிந்தால் ஸ்டானஸ் ஃப்ளோரைடு அல்லது கண்ணாடித் தூள் பசை, அரிப்பில்லாமல் ஈறு மட்டும் இறங்கியிருந்தால் பொட்டாசியமோ ஆர்ஜினைனோ போதும் என்பேன். டியூபின் முகப்பில் "சென்சிடிவ்" என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்; பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மேற்சொன்ன பெயர்களில் ஏதேனும் ஒன்று அளவோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்தைவிடப் பயன்படுத்தும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலையிலும் இரவு படுக்குமுன்னும், மென்தூவி பிரஷ்ஷால் இரண்டு நிமிடம். அதிலும் முதலில் கூசும் பல்லிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பசை கெட்டியாக இருப்பது அப்போதுதான். முடித்தபின் துப்பிவிடுங்கள், கொப்பளிக்காதீர்கள். இதைச் சொன்னால் யாரும் முகம் சுளிக்காமல் இருப்பதில்லை; நாலைந்து முறை தொண்டை வரை நீரை உருட்டித் துப்பினால்தான் நமக்கு வாய் சுத்தமானதாகத் தோன்றும். ஆனால் இரண்டு நிமிடம் பாடுபட்டுப் படியவைத்த மருந்தை அந்த நாலு மிடறு நீர் அப்படியே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. முடியாவிட்டால் ஒரே ஒரு மிடறு போதும் என்று பழகிக்கொள்ளுங்கள். இரவில் துப்பியபின் பட்டாணி அளவில் பாதியை விரலில் எடுத்து அந்த இரு பற்களின் கழுத்தில் தடவிவிட்டுப் படுப்பது நான் எல்லோருக்கும் சொல்லும் உபரி வேலை.

பலனை அளப்பதற்கு நினைவை நம்ப வேண்டாம். தினமும் காலையில் அதே பானையின் நீரை ஒரு மிடறு அந்தப் பக்கமாக ஓடவிட்டு, பத்துக்கு எத்தனை என்று நாட்காட்டித் தாளில் எழுதிவையுங்கள். முதல் நாள் எட்டு என்றால் பதினான்காம் நாள் ஆறு, முப்பதாம் நாள் மூன்று என்று இறங்குவதுதான் வழக்கம். இந்த வேகத்தில் இறங்குவதை அன்றாடம் உணர முடியாது, தாளில்தான் தெரியும்.

மருந்து ஒரு கையால் அடைத்துக்கொண்டிருக்கும்போது மறுகையால் திறந்துகொண்டிருந்தால் பலன் வராது. நோயாளிகளிடம் அடுத்த முறை வரும்போது வீட்டு பிரஷ்ஷைத் தாளில் சுற்றி எடுத்து வரச்சொல்வேன். இரண்டே மாதத்தில் தூவிகள் இருபுறமும் தென்னங்கீற்று போலச் சாய்ந்திருந்தால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. பிரஷ்ஷைக் கைமுழுதும் பிடிக்காமல் பேனாவைப் போல விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். குறுக்குவாட்டில் அறுக்காமல் ஈறிலிருந்து பல்லை நோக்கி உருட்டுங்கள். செங்கல் பொடி, சாம்பல், உமிக்கரி, சொரசொரப்பான சிவப்புப் பல்பொடி, வெண்மையாக்கும் கரிப் பசை ஆகியவை டென்டினை அரம் போல ராவுபவை, கூச்சம் உள்ளவர் வீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

அடுத்தது அமிலம். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறைய அமிலம் கடுமை. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை பி.எச். 5.5, வேரின் டென்டினுக்கோ அது 6.5 அளவிலேயே தொடங்கிவிடுகிறது. எலுமிச்சைச் சாறும் கோலாவும் 2 முதல் 3-க்குள் இருப்பவை. புளிக்குழம்பையும் ரசத்தையும் விட்டுவிடுங்கள் என்று தமிழரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, தேவையும் இல்லை. சோற்றோடு சேர்ந்து விரைவில் விழுங்கப்படும் புளிப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. காலையில் வெறும் வயிற்றில் உடல் இளைக்கக் குடிக்கும் எலுமிச்சை நீர், குளிர்பானத்தை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பது, சீனியில் தோய்த்த புளி மிட்டாய் ஆகியவைதான் குற்றவாளிகள். குடித்தவுடன் பல் துலக்குவது அவற்றைவிடக் கெடுதல், ஏனென்றால் அமிலத்தால் இளகிய பரப்பு பிரஷ்ஷுக்கு எளிதில் வழித்துக்கொண்டு வரும். வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். மேல் முன்பற்களின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இரவில் வயிற்று அமிலம் எதுக்களித்து வருகிறதா என்று பொது மருத்துவரிடம் கேட்க வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு மசக்கை வாந்தியாலும் இதே நிலை வரும். வாந்திக்குப் பின் ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்தால் போதும். துப்பிவிடும் கூச்சப் பசைகளைக் கருவுற்றவர்கள் பயன்படுத்துவதில் தடையில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூசினால் மட்டும் பசை வாங்கிப் பரிசோதனை செய்யாமல் நேரே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டு வைத்தியங்களில் வெதுவெதுப்பான உப்புநீர் ஈறுக்கு இதமானது, கூச்சத்தைத் தீர்க்காது. கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் உண்மையான மரப்பு மருந்துதான், சொத்தைக் குழியில் ஒரு சொட்டுப் பஞ்சில் வைத்தால் ஓரிரவு கடக்கலாம். கலக்காமல் ஈறில் தேய்த்தால் புண்ணாகும், கூச்சத்துக்கோ அது சில நிமிட மரப்புக்கு மேல் எதுவும் செய்யாது. மூக்குப்பொடியையும் புகையிலையையும் பல்லில் அதக்கும் பழக்கம் கிராமத்து மூத்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து வாசகர்கள் ஃப்ளோரைடு என்றாலே தயங்குவார்கள், நியாயமான தயக்கம். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லில் பழுப்புத் திட்டுகள் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அந்தத் திட்டுகள் பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறுவயதில் விழுங்கப்படும் ஃப்ளோரைடால் வருபவை. வளர்ந்து முடிந்த பல்லின் மேல் தடவித் துப்புவதால் வராது.

நான்கு வாரத்துக்குப் பின்னும் தாளில் எண் இறங்கவில்லை என்றால் மருத்துவமனையில் வைக்கும் மருந்துகளுக்குப் போக வேண்டும். இந்தியாவில் கடையில் விற்கும் பற்பசையில் ஃப்ளோரைடு 1,000 பி.பி.எம். (பத்து இலட்சத்துக்கு ஆயிரம் பங்கு) வரைதான் அனுமதி, நாங்கள் தடவும் 5 விழுக்காடு சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷில் அது 22,600 பி.பி.எம். பல்லைத் துடைத்து உலர்த்தி, சிறு தூரிகையால் மஞ்சள் பிசின் போலத் தடவ ஐந்து நிமிடம் ஆகும். அன்று இரவு துலக்காமல், சூடான பானம் இல்லாமல் இருந்தால் போதும். பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குளூட்டரால்டிஹைடு கலந்த திரவம் ஒன்று இருக்கிறது. குழாய்க்குள் இருக்கும் புரதத்தை முட்டையின் வெள்ளைக் கருவைப் போல உறையச் செய்து உள்ளேயே தக்கை போட்டுவிடும். பலன் உடனே தெரியும், ஆனால் ஈறில் பட்டால் வெந்துவிடும் என்பதால் பஞ்சு கட்டி நிதானமாக வைக்க வேண்டிய மருந்து அது. 38 விழுக்காடு வெள்ளி டயமின் ஃப்ளோரைடும் கூச்சத்தை நன்றாக அடக்கும். 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது கூச்ச மருந்தாகத்தான். சொத்தை பட்ட இடத்தை அது நிரந்தரக் கறுப்பாக்கிவிடும், ஆகவே சிரித்தால் தெரியும் பல்லில் வைக்குமுன் நோயாளியிடம் இருமுறை கேட்பேன்.

பல்லில் காரை எடுத்தபின் கூசுகிறது, ஆகவே காரை எடுப்பதே தவறு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆண்டுக்கணக்கில் வேரைப் போர்த்தியிருந்த காரை விலகியவுடன் திறந்த குழாய்களில் காற்றுப் படுகிறது, அவ்வளவுதான். ஓரிரு வாரத்தில் எச்சிலே பெரும்பகுதியை அடைத்துவிடும். அதுவரை மேற்சொன்ன பசைகளில் ஒன்று போதும். காரையை விட்டுவைத்தால் ஈறு இன்னும் இறங்கி, பின்னால் கூசப்போகும் பரப்புதான் கூடும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இது. நிறுத்திய பசையின் பின்பக்கத்தில் மருந்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அதையே நாளைக் காலையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள், மாத்திரைகள் வேண்டாம். இடையில் ஒருநாள், பிறகென்று தள்ளாமல், கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கி அந்தக் கோரைப்பல்லின் கழுத்தை விரல் நகத்தால் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் நான்கு வாரம் பசையோடு காத்திருக்கலாம். நகம் ஒரு பள்ளத்தில் சிக்கி நின்றால் அங்கே பல் ஆப்பு வடிவில் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைப் பல்நிறச் சிமெண்டால் அடைக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாத அரைமணி நேர வேலை அது. போகும்போது அந்த பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போங்கள்.